ஓயாத மழை என்று நான் எழுதிய போஸ்டர்

சென்ற மாதம் எங்கள் நாளிதழின் தஞ்சாவூர்ப் பதிப்பிலிருந்து பிரியா என்ற உதவி ஆசிரியர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேஜைக்கு வந்தவர். ஆங்கிலத்தில் வரும் செய்திகளை இப்போது மென்பொருள் தமிழாக்கித் தந்துவிடுகிறது. இவர் படித்துப் பார்த்து நாளிதழ்ப் பக்கத்தில் வைத்தால் போதும்.

“அக்கா, கன்டினியுவஸ்னு வந்தாலும் இன்சஸன்ட்னு வந்தாலும் பெர்பெச்சுவல்னு வந்தாலும் இது ‘தொடர்ச்சியான’ன்னே போடுது. விட்டுடலாமா, மாத்தணுமா?”

“என்ன செய்தி?”

“மழைதான் அக்கா.”

மழை என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்ததும் அது நீண்டுவிட்டது.

நான் கும்பகோணத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவள். மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்து நான்கு வருஷம் மற்றவர்கள் எழுதியதில் ஒற்றும் புள்ளியும் பார்த்தேன். பிறகு மொழிபெயர்ப்பு மேஜையில் ஆள் குறைந்தது என்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள். பகல் ஷிப்ட். மாவட்டப் பக்கங்கள் மாலை ஆறு மணிக்கு முடியும். ஆறரைக்கு நான் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

அந்த மேஜைக்குத் தலைமை ஜமால் சார். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். சீர்காழிக்காரர். அப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடை, அண்ணன்கள் இருவரும் வளைகுடாவில். “எங்க வீட்டுல உருப்படாமப் போனது நான் ஒருத்தன்தான்” என்று யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வார். பியூனைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த மரியாதையோடு ஆளைக் குத்திவிடுவார். தவறு என்ற வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தால் திரும்ப எழுத வேண்டும் என்று அர்த்தம். நிமிர்த்தி வைத்தால் அது அச்சுக்குப் போகும்.

நிற்காத விஷயங்களுக்கு ஆங்கிலத்தில் இத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்பதை அந்த மேஜையில்தான் கவனித்தேன். படித்தபோது எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. ஜமால் சார் அகராதியைத் திறக்க மாட்டார். எந்த வார்த்தை வந்தாலும் ஒரே கேள்விதான்.

“நிக்குமா, நிக்காதா? நின்னா எவ்வளவு நேரம் நிக்கும்?”

கன்டினியுவஸ் என்றால் நடுவில் இடைவெளியே இல்லை. கல்லணைக் கால்வாயின் கரை மாதிரி, எங்கே கை வைத்தாலும் இருக்கும். கன்டினியுவல் என்றால் நிற்கும், மறுபடி வரும், மறுபடி நிற்கும். “சர்க்குலேஷன் மேனேஜர் நம்ம ரூமுக்கு வர்றார் பாருங்க, அது.” அந்த மேனேஜர் அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இன்சஸன்ட்டுக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் வேறு. நிற்காமல் இருந்தால் மட்டும் போதாது, படுகிறவனுக்கு எரிச்சல் வர வேண்டும். “பூம்புகாருக்கு டூர் போனவனுக்கு அலைச் சத்தம் முதல் நாள் சந்தோஷம், ரெண்டாம் நாள் இன்சஸன்ட். அங்கயே வலை கட்டுறவனைக் கேளுங்க. என்ன சத்தம்னு நம்மளைத் திருப்பிக் கேப்பான்.”

பெர்பெச்சுவல் பெரும்பாலும் கோர்ட் நோட்டீஸில் வரும். நிரந்தர உறுத்துக்கட்டளை என்று நாங்களும் யோசிக்காமல் போட்டுவிடுவோம். எடர்னல் வந்தால் படிக்காமலே எழுந்து, “இது நம்ம சரக்கு இல்லம்மா, இரங்கல் விளம்பரம், கீழ அனுப்புங்க” என்பார். நான்-ஸ்டாப் என்பதற்கு ‘இடைநில்லாப் பேருந்து’ என்ற நல்ல தமிழ் இருந்தது. கும்பகோணம் இடைநில்லாப் பேருந்தில் தினமும் வந்துகொண்டிருந்த எனக்கு அதை எழுதும்போதெல்லாம் சிரிப்பு வரும். டிரைவரின் மச்சினர் ஏறுவதற்காக அது பாபநாசத்தில் தவறாமல் நிற்கும்.

ஒரு முறை சுற்றுலாக் கட்டுரை ஒன்று வந்தது. அதில் பெரனியல் என்ற சொல் காவிரிக்கு முன்னால் இருந்தது. கை பழக்கத்தில் ‘வற்றாத காவிரி’ என்று எழுதினேன். தாள் கவிழ்ந்தது.

“ஏன் சார்? எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க.”

“பங்குனி மாசம் என்கூட வாங்க. வற்றாத காவிரியில பையங்க ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுறானுங்க, காட்டுறேன்.”

“இங்கிலீஷ்காரன் எழுதியிருக்கான் சார்.”

“அவன் ஆடி மாசம் வந்திருப்பான்.”

இப்படித்தான் பகல்கள் போயின. டெலிபிரிண்டர் உருளையில் தாள் சரசரவென்று இறங்கும் சத்தம், பிறகு ஃபேக்ஸ், பிறகு கணினித் திரை. பொருள்கள் மாறின. அந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. மதியம் மூன்று மணிக்கு வானிலைக் குறிப்பு வரும். அதை மட்டும் ஜமால் சார் உட்கார்ந்து படிக்க மாட்டார், ஜன்னலருகே நின்றுகொண்டு படிப்பார். எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் வயல் வைத்திருப்பவர்கள். குறுவை நாற்று விடுவதா, சம்பாவை அறுப்பதா என்று அந்த நாலு வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அந்த ஜன்னலடி இப்போதும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

இனி அந்தப் போஸ்டர்.

பத்திரிகை விற்கும் கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிடும் ஒரு தாள் போஸ்டர் எல்லோரும் பார்த்ததுதான். பகுதிவாரியாக வாசகம் மாறும். மன்னார்குடிக்கு ஒன்று, சீர்காழிக்கு ஒன்று, வலங்கைமானுக்கு ஒன்று. மாவட்டப் பக்கம் செய்கிறவரே போகிற போக்கில் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் ஜமால் சாரின் கேள்வியைத் தாண்டிப் போக வேண்டும். போஸ்டருக்கு அந்தக் கேள்வி கிடையாது. போஸ்டரின் வேலை ஆளை நிறுத்துவது. அது விற்பனையைப் பார்க்கும் சர்க்குலேஷன் பிரிவின் சொத்து என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

தை மாதக் கடைசி. சம்பா கதிர் முக்கால்வாசி பழுத்திருந்தது. வங்கக் கடலில் பருவம் தப்பிய ஒரு காற்றழுத்தம். மூன்று மணிக் குறிப்பில், டெல்டா மாவட்டங்களில் இன்டர்மிட்டன்ட் மழை மூன்று நாளைக்கு இருக்கும் என்று வந்தது. விட்டு விட்டுப் பெய்யும் மழை. செய்தியில் அப்படியே எழுதினேன். ‘டெல்டாவில் மழை நீடிக்கும்’ என்று தலைப்பு வைத்தேன். ஜமால் சார் தாளை நிமிர்த்தி வைத்தார்.

பிறகு போஸ்டர். ‘விட்டு விட்டு மழை’ என்று எழுதிப் பார்த்தேன். யார் நின்று படிப்பார்கள்? ‘டெல்டாவில் 3 நாள் ஓயாத மழை’ என்று எழுதினேன். வலங்கைமான் பகுதிக்கு அதுதான் போனது. மறுநாள் காலை அந்தப் பகுதி ஏஜென்ட் போன் செய்து, கட்டு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

எட்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை. ஜமால் சார் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, எங்கள் நாளிதழின் பழைய பிரதி ஒன்று.

“போஸ்டர் எழுதுறவங்க யாருங்க?”

“நான்தான்மா. சொல்லுங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆம்பளையா இருக்கும், நாலு கேள்வி நாக்கப் பிடுங்குற மாதிரி கேக்கலாம்னு பஸ் முழுக்க யோசிச்சுட்டு வந்தேன்.”

“கேளுங்க.”

“மொதல்ல தண்ணி குடுங்க.”

அவர் பெயர் மல்லிகா. வலங்கைமானுக்கு முன்னால் ஒரு பிரிவில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர். ஆறு மா நிலம் குத்தகை, அதாவது இரண்டு ஏக்கர். பத்திரம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். கணவர் மஸ்கட்டில் கொத்து வேலை. மூன்று போகமாக இவர்தான் தனியாகப் பார்க்கிறார். பிரிவு டீக்கடைக்குக் காலையில் பால் ஊற்றப் போனவர் எங்கள் போஸ்டரைப் படித்திருக்கிறார். மூன்று நாள் ஓயாமல் பெய்தால் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். ஓடிப் போய் அறுவடை இயந்திரக்காரரிடம் கெஞ்சி, அன்று மதியமே பச்சைக் கதிராக அறுத்துவிட்டார்.

மழை சாயங்காலம் ஒரு மணி நேரம் பெய்தது. மறுநாள் பாதி வெயில். அதற்கு மறுநாள் இரண்டு தூறல். நின்ற பயிர்கள் காற்றில் ஆறி, பத்திரமாக நின்றன. மல்லிகாவின் நெல் மட்டும் படுதாவுக்குள் சூடேறிக் கறுத்துப்போனது. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். பையிலிருந்து ஒரு பிடி அள்ளி மேஜையில் வைத்தார். புளித்த வாடை அடித்தது.

“நெல்லுக்காக வரலீங்க. நெல்லு போச்சு. நிலத்துக்காரர் ராமதுரை அய்யா கேக்குறாரு, ஊரே நிறுத்தி வச்சிருக்கையில நீ மட்டும் ஏன் அறுத்தேன்னு. பேப்பர்க்காரங்க ஓயாத மழைன்னு போட்டாங்கன்னு சொன்னேன். அவரு வீட்டுக்குப் பேப்பர் வருது. எடுத்துக் காட்டுறாரு. ‘எங்க போட்டிருக்கான், காட்டு’ங்கிறாரு. இதுல விட்டு விட்டுன்னுதான் இருக்கு.” பிரதியைத் தட்டினார். “போஸ்டர்ல இருந்துச்சுன்னா நம்பல. டீக்கடையில கேட்டா, தெனமும் ஒண்ணு கட்டுறோம், யாருக்கு ஞாபகம்ங்கிறான். பழசை வடை மடிக்கக் கிழிச்சுட்டானாம். பொய்க்காரி கையில நிலத்தைக் குடுக்க முடியாதுன்னு அடுத்து உளுந்து தெளிக்க வேற ஆளைப் பேசிட்டாரு. மஸ்கட்லேருந்து வீட்டுக்காரரு போன்ல, ‘தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, ஏன் பொய் சொல்ற’ங்கிறாரு. நீங்க சொல்லுங்க. அப்படிப் போட்டீங்களா, இல்லையா?”

ஒவ்வொரு போஸ்டரிலும் ஒரு பிரதி சர்க்குலேஷன் அறை பீரோவில் இருக்கும். உலகத்தில் மிஞ்சியிருந்த சாட்சி அந்த ஒரு தாள்தான். அது எங்கே இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். “பார்த்துச் சொல்றேன்மா, உக்காருங்க” என்றேன். ஜமால் சார் வரும்வரை இருபது நிமிஷம் நான் எதையும் பார்க்கவில்லை. என் முப்பது வருஷத்தில் நான் அதிகம் வெட்கப்படுவது அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான்.

ஜமால் சார் தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி உள்ளே வந்தார். மல்லிகா மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு மேஜையிலிருந்த நெல்லில் ஒன்றை எடுத்து நகத்தால் உரித்துப் பார்த்தார்.

“போஸ்டர்ல என்ன போட்டோம்?”

“ஓயாத மழைன்னு போட்டேன் சார்.”

“எடுத்துட்டு வாங்க.”

கொண்டுவந்து விரித்தேன். மல்லிகா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். “இதான்” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏங்க இப்படிப் போட்டீங்க?” என்றார்.

“பெரிய எழுத்துல போடணும், இடம் பத்தலம்மா.”

அது பொய். ‘மழை நீடிக்கும்’ என்பது அதே இடத்தில் தாராளமாக உட்காரும். ஜமால் சாருக்கும் அது தெரியும்.

“இடம் இருந்துச்சு” என்றார் அவர் மல்லிகாவிடம். “விறுவிறுப்பா இருக்கட்டும்னு போட்டோம். அன்னிக்கு இது என் மேஜையைத் தாண்டித்தான் போச்சு. நானும் பார்த்தேன். நல்லா இருக்கேன்னுதான் நெனச்சேன்.”

“இத நீங்களே எடுத்துட்டுப் போங்கம்மா” என்று போஸ்டரைச் சுருட்டப் போனேன்.

“எடுத்துட்டுப் போய் வீடு வீடா விரிச்சுக் காட்டவா? ஊரே சிரிச்சுச்சு, நான் ஒத்தையாளா நின்னேன். நீங்க எங்க கட்டுனீங்களோ அங்கயே கட்டுங்க. தப்புன்னு கட்டுங்க.”

செய்திப் பக்கத்தில் வந்த தவறுக்கு அதே பக்கத்தில் திருத்தம் போடுவது உண்டு. போஸ்டருக்குத் திருத்தம் என்று ஒன்றை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. சர்க்குலேஷன் மேனேஜர் குருமூர்த்தி விஷயம் தெரிந்து வந்துவிட்டார்.

“பாய், நம்ம தப்பை நாமளே கயித்துல கட்டித் தொங்கவிட்டா நாளைக்கு எவன் வாங்குவான்?”

“நாளைக்கு வாங்காதவன் நாளன்னிக்கு நம்பி வாங்குவான். ஒரு கடைக்குத்தானே.”

“ஹெட் ஆபீஸ்ல கேட்டா?”

“என்னைத்தானே கேப்பாங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

என்னை எழுதச் சொன்னார். ‘வருந்துகிறோம்’ என்று ஆரம்பித்தேன். தாள் கவிழ்ந்தது. ‘வாசகர்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருப்பின்’ என்று ஆரம்பித்தேன். அதுவும் கவிழ்ந்தது. மல்லிகா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது தாள் நிமிர்ந்தது: ‘தை மாதக் கடைசியில் விட்டு விட்டுப் பெய்யும் மழையை ஓயாத மழை என்று இந்தக் கடைப் போஸ்டரில் எழுதினோம். அது எங்கள் தவறு. நம்பி அறுத்தவர்கள் மேல் தவறில்லை.’

கடைசி வாக்கியம் ஜமால் சார் சேர்த்தது.

இதற்காகத் தலைமை அலுவலகம் பிறகு விளக்கம் கேட்டது. வானிலைக் குறிப்பின் நகலையும் இரண்டு போஸ்டர்களையும் ஜமால் சார் ஒரே உறையில் வைத்து அனுப்பினார். கடிதம் எதுவும் வைக்கவில்லை. அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் இதுதானா என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. நான் எழுதும் போஸ்டர் வாசகத்தையும் அன்றிலிருந்து ஜன்னலருகே கொண்டுபோய்ப் படித்தார்.

திருத்தம் எழுதிய மறுநாள் சனிக்கிழமை எனக்கு வார விடுமுறை. முதல் பஸ்ஸில் கிளம்பி அந்தப் பிரிவில் இறங்கினேன். போஸ்டர் டீக்கடைத் தூணில் தொங்கியது. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று படித்தார்கள். மல்லிகா பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு சாலையின் மறுபக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார்.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்தார். “ராமதுரை அய்யா, இதப் படிங்க” என்று யாரோ வழி விட்டார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். முடித்துவிட்டு மறுபடி ஒருமுறை படித்தார்.

“அன்னிக்கு இப்படித்தான் எழுதியிருந்துச்சா?” என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

“இருந்துச்சுன்னு எழுதுனவங்களே சொல்றாங்க. அப்புறம் என்ன?”

“நேத்து வரைக்கும் ஞாபகம் இல்லன்ன.”

“இப்ப வந்துருச்சு” என்றார் டீக்கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராமதுரை சிரிக்கவில்லை. டீயை வாங்கிக் குடித்து முடித்தார். தம்ளரை வைத்துவிட்டு, மல்லிகாவின் முகத்தைப் பார்க்காமல் சாலைக்கு அந்தப் பக்கமாகக் குரல் கொடுத்தார்.

“வயல்ல ஈரம் இருக்கா?”

“இருக்கு.”

“இருக்கையிலயே உளுந்தத் தெளிச்சுடு. காஞ்சா மொளைக்காது.”

“வேற ஆளு பேசியிருக்கீங்களே?”

“அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வெதை வீட்டுல இருக்கு, வந்து எடுத்துக்க.”

மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். மல்லிகா சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், அந்த நெல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“கோழித் தீவனத்துக்குக் கேட்டாங்க, போட்டுட்டேன். போனது போனதுதான்.” கேனைக் கை மாற்றிக்கொண்டார். “மஸ்கட்லேருந்து அவரு ராத்திரி போன் பண்ணுவாரு. இத அவருக்கு யாராவது படிச்சுக் காட்டணும். நான் படிச்சா நம்ப மாட்டாரு.”

நான் படிக்கிறேன் என்றேன். என் போன் நம்பரை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“வேண்டாங்க. டீக்கடைக்காரனைப் படிக்கச் சொல்றேன், அவனுக்குத்தான் ஞாபகம் வந்துருச்சே. உங்க பஸ் வருது, ஏறுங்க. எனக்கு வேலை கெடக்கு.”